பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



பார்க்கிங் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், யார் இடத்தில் யார் வண்டி நிற்கிறது என்ற பஞ்சாயத்து என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. நான் பேச வந்தது பயத்தைப் பற்றி.

போன வருடம் ஒருநாள் என் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் வெளியூரில். கீழே கார் நிற்கிறது. பையில் லைசென்ஸ் இருக்கிறது. ஆனாலும் ஆட்டோவைக் கூப்பிட்டேன். வர 20 நிமிடம் ஆனது. எனக்கு ஓட்டப் பயமில்லை; மதுரை வரை நாலுவழிச் சாலையில் ஓட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி முன்னால், ரோட்டோரம் நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் விட வேண்டுமே, அதற்குத்தான் பயம். அத்தை பிழைத்துக்கொண்டார். அந்த 20 நிமிடம்தான் எனக்கு மறக்கவில்லை.

விசாரித்தால், நான் மட்டும் இல்லை. மணிக்கூண்டு பக்கம் இடம் காலியாக இருந்தும், பின்னால் பஸ் வருகிறதே என்று தாண்டிப் போய்விடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆண்களும் உண்டு, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லைசென்ஸுக்காக 'எச்' போடப் பழகினோம். பேரலல் பார்க்கிங் பலருக்கு யாரும் சொல்லித் தரவே இல்லை. பக்கத்துக் கேரளாவில் 2024-ல் இதைக் கார் தேர்வில் சேர்க்க உத்தரவு வந்தபோது, டிரைவிங் ஸ்கூல்காரர்களே எதிர்த்துப் போராடினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். நம்மில் பலரிடம் இருப்பது 4 மீட்டருக்குள் அடங்கும் கார். 6 மீட்டர் இடம் இருந்தால் தாராளம். முதலில் இன்டிகேட்டர் போடுங்கள். முன் காருக்குப் பக்கத்தில், இரண்டடி தள்ளி, பின் பம்பர்கள் நேராக வரும்படி நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை முழுக்க இடதுபக்கம் ஒடித்து மெதுவாகப் பின்னால் வாருங்கள். வண்டி பாதி சாய்ந்ததும் ஸ்டியரிங்கை நேராக்குங்கள். நம் முன்மூலை முன் காரின் பம்பரைத் தாண்டியதும் வலதுபக்கம் முழுக்க ஒடியுங்கள். சரியாக வரவில்லையா? வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். அது தோல்வி இல்லை.

ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை 6 முதல் 7 மணி வரை பின்பக்கச் சுவரோரம் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு காலி பெயிண்ட் வாளிகளை வைத்துப் பழகலாம். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் 'ஒடி, ஒடி' என்று கத்தாமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும். ஒருவர் மட்டும் சொல்லட்டும்.

நான் அப்படித்தான் பழகினேன். போன மாதம் அத்தையை செக்கப்புக்கு நானே கூட்டிப் போனேன். மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தேன். பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் அடிக்கட்டும், நீ மெதுவா விடும்மா" என்றார்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.