மகமத்கானும் பியராபிராவும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கமிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

சங்கத்தின் வரலாற்றை மூத்தவர்கள் பேசிவிட்டார்கள். கடை வைத்திருக்கும் இளையவர்களான எங்களுக்கு, 'கதைப்பாட்டில் முஸ்லிம் வீரர்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைப் பார்த்து, "நீ இந்தியனா, இஸ்லாமா?" என்று கேட்கிறார்கள். கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து அக்காவும் அன்போடுதான், "நீங்க தமிழா, முஸ்லிமா தம்பி?" என்கிறார். இரண்டும்தான் என்று நாம் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அதற்கு ஒரு கதை வேண்டும்.

முதலில் அந்நியர் சொன்ன கதை. ஐரோப்பாவில் மத்திய காலத்தில் முஸ்லிம்களைச் 'சாரசன்' என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் அவர்கள் பாடிய போர்ப்பாட்டுகளில் பியராபிரா என்று ஒரு வீரன் வருகிறான். 12ஆம் நூற்றாண்டுப் பாட்டு அது. அலெக்சாந்திரியாவின் அரசன், பனைமர உயரம், ரோமாபுரியைச் சூறையாடியவன். சார்லமேன் பேரரசரின் வீரன் ஒலிவியே அவனோடு தனித்து மோதுகிறான். பியராபிரா தோற்கிறான், உடனே ஞானஸ்நானம் பெற்று நல்லவனாகிவிடுகிறான். மதம் மாற மறுத்த அவன் தகப்பன் பாலான் கொல்லப்படுகிறான். வீரம் இருக்கலாம், மரியாதை வேண்டுமென்றால் மாற வேண்டும். பாட்டின் கணக்கு அதுதான்.

இந்தப் பாட்டுகளில் நாம் முகம்மது, அப்போலின், தெர்வகான் என்று மூன்று சிலைகளை வணங்குகிறோமாம்! உருவ வணக்கமே இல்லாத மார்க்கத்துக்கு மூன்று சிலை. பாடியவர்களில் எத்தனை பேர் ஒரு முஸ்லிமை நேரில் பார்த்திருப்பார்கள்? இன்னொன்றும் உண்டு. 778இல் சார்லமேன் படையின் பின்பகுதியை மலைக்கணவாயில் தாக்கியவர்கள் பாஸ்க் மக்கள். சுமார் 300 ஆண்டு கழித்து ரோலான் பாட்டு வந்தபோது பழி நம் தலையில் ஏறிவிட்டது. சார்லமேன் கதை கப்பலேறிக் கேரளக் கரைக்கும் வந்தது. அங்குள்ள கிறிஸ்தவர்கள் 'காறல்மான் சரிதம்' என்று தமிழ் கலந்த மொழியில் சவிட்டு நாடகமாக ஆடினார்கள். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: நம் படைப்போர்ப் பாட்டுகளிலும் தோற்ற எதிரி கலிமா சொன்ன பிறகுதான் நல்லவனாகிறான்.

இனி நம் ஊர்க்கதை. செஞ்சியை ஆண்ட சொரூப்சிங் 1714இல் இறந்துபோக, மகன் தேஜ்சிங் பட்டத்துக்கு வந்தான். ஜனங்கள் வாயில் அவன் தேசிங்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு தர மறுத்தான். சண்டை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இருபத்திரண்டு வயதில் போர்க்களத்தில் மாண்டான்.

அவன் உயிர்த் தோழன் மகமத்கான். கதைப்பாட்டில் மோவுத்துக்காரன் என்றும் வரும். வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடக்கிறது. நண்பனிடமிருந்து ஓலை வருகிறது. மாப்பிள்ளை கோலத்தோடு எழுந்து, நீலவேணி என்ற தன் குதிரையில் ஏறிவிடுகிறான். சிங்கவரம் ரங்கநாதரைக் கும்பிடுகிறவன் தேசிங்கு. எதிரே நிற்பதோ முஸ்லிம் நவாபு. மகமத்கான் நண்பன் பக்கம் நின்று உயிரை விடுகிறான். அவனை யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. பாடியவர்கள் இந்துக்கள், கேட்டவர்களும் பெரும்பாலும் இந்துக்கள். அவன் முஸ்லிமாகவே வாழ்ந்து, முஸ்லிமாகவே மாண்டு, அவர்கள் கண்ணீரையும் வாங்கிக்கொண்டான்.

நவாபையும் அரக்கனாக்க வேண்டியதில்லை. அது வரிப்பணச் சண்டை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதும், அவள் நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கியவர் அவர்தான் என்கிறார்கள். அவர் பேரில் உள்ள பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் திருச்சி, நாகூர் என்று திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நாள் போய் வரலாம்.

1929இல் போ தோட்டம் தொடங்கி, இந்த மலையில் தேயிலை போட வந்த தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 'பெரிய எழுத்து' புத்தகமாக ஊரெல்லாம் விற்ற கதை இது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது. நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. காரணம் மொழி. வீட்டில் மலாய் பேசுவதைக் குறை சொல்லவில்லை. அது நம் நாட்டு மொழி. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவில், வீரர்களுக்குத் தைரியம் வர முகம்மது ஹனஃபியா கதையை வாசித்தார்கள் என்று செஜாரா மெலாயு சொல்கிறது. அந்தக் கதையைப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டுக்கொள்வார்கள். மகமத்கானை நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் போனால் அவனும் போய்விடுவான்.

ஆகவே எங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை ஓதல் முடிந்து பிள்ளைகள் தேத்தண்ணி குடிக்கும் அரைமணி நேரத்தைச் சங்கம் எங்களுக்குத் தரட்டும். தேசிங்கு பாட்டு தெரிந்த பெரியவர் தோட்டத்தில் யாராவது இருந்தால், எந்த மதத்தவரானாலும், கடையில் சொல்லி அனுப்புங்கள். வண்டி வைத்து அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது எங்கள் பொறுப்பு.