கதை சொல்லும் ஆசிரியர்



மகிளாரோப்பியம் என்னும் நகரத்தை ஆண்ட அமரசக்திக்குப் புதல்வர் மூவர். மூவருக்குமே கல்வியில் நாட்டமில்லை. இலக்கணம் பயிலவே பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும் என்று அமைச்சர்கள் கணக்கிட்டனர். முதியவரான விஷ்ணுசர்மரோ ஆறு திங்களில் அவர்களை அறிஞராக்குவதாக வாக்களித்து, கதை சொல்லத் தொடங்கினார். பஞ்சதந்திரம் தான் பிறந்த வரலாற்றை இவ்வாறே கூறுகிறது.

அந்நூலுக்கும் இம்மண்ணுக்கும் உறவு உண்டு. மலாக்காவில் பிறந்து, மலாய்மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட முன்ஷி அப்துல்லா, 1835-ஆம் ஆண்டில் அதனைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். மொழியாசிரியர் ஒருவர் கதைநூலை நாடியதில் வியப்பென்ன!

விதியைக் கேட்கும் மாணவன் மனப்பாடம் செய்கிறான், கதையைக் கேட்பவனோ, "பிறகு?" என்கிறான். அதை அறியும் ஆவலில் தெரியாத சொல்லுக்கும் இடம் நோக்கிப் பொருள் உணர்ந்துகொள்கிறான். முதலையின் முதுகில் குரங்கு நடுநீரில் தவிக்கும்போது ஆசிரியர் கதையை நிறுத்தி, "குரங்கு என்ன சொல்லியிருக்கும்?" என்று வினவட்டும். வாய் திறவாத பிள்ளையும் பேசும். அப்பேச்சிலேயே வினைமுற்றும் காலமும் பழகிவிடும்.

நூலைப் பார்த்து வாசிப்பது கதை சொல்லல் ஆகாது. பிள்ளைகளின் முகம் நோக்கிச் சொல்லவேண்டும்; குரல் ஏறி இறங்கவேண்டும். கதை முடிந்த கணமே "நீதி யாது? எழுதுக" என்னும் வழக்கத்தைச் சற்றே ஒத்திவைக்கலாம். மலர்ந்த முகங்கள் அங்கேதான் வாடுகின்றன.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமன்று. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டது. பின்னர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுப்பதா விடுப்பதா என்னும் கேள்வி எழும்போது, புள்ளிகளைப் பற்றிய அச்சத்தை எதிர்த்து நிற்கக்கூடியது மொழிமேல் கொண்ட விருப்பம் ஒன்றே. அது பதினேழு வயதில் திடீரெனத் தோன்றுவதில்லை; முதலாம் ஆண்டு வகுப்பிலேயே அதற்கு வித்திடவேண்டும்.

ஆலயச் சமய வகுப்புக்கும் இது பொருந்தும். தேவாரத்தை ஒப்புவிக்கச் சொல்லுமுன், சீர்காழிக் குளக்கரையில் தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுக் குழந்தையின் கதையைச் சொல்லலாம். அம்மையும் அப்பரும் விடைமேல் தோன்றும் இடத்தில் அன்றைய வகுப்பை நிறுத்திவிட்டால், மறுவாரம் பிள்ளைகள் மணியடிக்கும் முன்பே வந்து அமர்ந்திருப்பர்.