லோரன்ஸ் எழுதிய படகு நூல்



ரி. ஈ. லோரன்ஸ் என்றதும் பாலைவனமும் ஒட்டகமும்தான் நம் நினைவுக்கு வரும். திரைப்படம் செய்த வேலை அது. 'விவேகத்தின் ஏழு தூண்கள்' என்ற அவருடைய பெருநூலைப் படித்தவர்கள்கூட அதற்கப்பால் அவரைத் தேடுவதில்லை. ஆனால் 1888இல் பிறந்து 1935இல் மறைந்த அம்மனிதரின் கடைசி ஆண்டுகள் உப்புநீரிலும் சேற்றிலும் கழிந்தன. அக்காலத்தில் அவர் எழுதிய ஒரு நூலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வேகப்படகொன்றை ஓட்டவும் பேணவும் சொல்லித்தரும் கைநூல் அது. இலக்கிய விமர்சகர்கள் அதனை ஒரு வரியில் கடந்து போய்விடுவார்கள்.

தம் பெயரை ஷோ என்று மாற்றிக்கொண்டு, பிரித்தானிய விமானப்படையில் கீழ்நிலைப் படையாளாக இருந்த லோரன்ஸ், 1929இல் இந்தியாவிலிருந்து திரும்பி, பிளிமத்திலுள்ள கடல்விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ஊர் நீரைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். நம் நாட்டுக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மூன்று அடிதான். பிளிமத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது பதினைந்து அடியளவில் இருக்கும். ரேமர் ஆறும் அதன் கிளைகளும் காலையில் ஏரிபோல விரிந்து கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எங்கும் சேற்றுத்தரை, நடுவே நெளிந்தோடும் ஒடுங்கிய நீர்வழி.

லோரன்ஸுக்கும் அவருடைய தளபதியின் மனைவி கிளேர் சிட்னி ஸ்மித்துக்கும் நண்பர் ஒருவர் அமெரிக்காவில் கட்டிய சிறு வேகப்படகொன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். 'பிஸ்கட்' என்று அதற்குப் பெயர். பிளிமத்தைச் சுற்றியுள்ள ஆறுகளில் அதில் அவர்கள் சென்ற பயணங்களை அந்த அம்மையார் 1940இல் வெளியிட்ட நினைவுநூலில் காணலாம். விளையாட்டுக்காக ஓட்டிய படகுதான். ஆனால் லோரன்ஸ் அதிலிருந்து ஒரு பெரிய பாடத்தைப் படித்துக்கொண்டார்.

சாதாரணப் படகு நீரைப் பிளந்துகொண்டு செல்கிறது. ஓரளவு வேகத்துக்குமேல் அது தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ளும். இன்னும் பலமான இயந்திரத்தைப் பூட்டினால் பின்புறம் மேலும் அமிழுமேயன்றி வேகம் பெரிதாகக் கூடாது. தட்டையான அடிப்பாகமும் கூரிய பக்க விளிம்பும் கொண்ட இலேசான படகோ, போதிய வேகம் வந்ததும் அந்த அலைமேல் ஏறி நீர்ப்பரப்பில் வழுக்கத் தொடங்கிவிடும். அப்போது அதன் உடலில் நீருக்குள் இருப்பது சிறு பகுதியே.

இதனால் ஆழங்குறைந்த நீர்வழியில் ஒரு விசித்திரமான நிலை ஏற்படுகிறது. விரைந்து போகும்வரை தட்டாமல் போகும் படகு, ஓட்டுபவர் பயந்து வேகத்தைக் குறைத்த அக்கணமே கீழே இறங்கி அடி தட்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பாயவும் முடியாது. சுழல்விசிறியும் சுக்கானும் அடியில் தொங்கிக்கொண்டுதானே இருக்கின்றன! வளைவுகளில் ஆழம் வெளிக்கரைப் பக்கம் இருக்கும், உட்கரையில் சேறு திரண்டிருக்கும். நுழையுமுன்பே நீரின் நிறத்தையும் சுருக்கத்தையும் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும். பெருக்கு நேரத்தில் தரைதட்டினால் சற்றுப் பொறுத்திருந்தால் போதும். வற்றுநேரத்தில் தட்டினால் அடுத்த பெருக்கு வரும்வரை காவல்தான். பெருவெள்ளத்தின் உச்சியில் தட்டியவர் இரண்டு வாரங்கூடக் காத்திருக்க நேரலாம்.

1931 பெப்ரவரி 4ஆந் திகதி இந்த அறிவுக்கு வேறொரு கனம் வந்துவிட்டது. அன்று, ஐரிஸ் ரகப் பறக்கும் படகொன்று லோரன்ஸின் கண்ணெதிரே பிளிமத் கடலில் விழுந்தது. அதிலிருந்த பன்னிருவரில் ஒன்பது பேர் மாண்டனர். மீட்பு முயற்சியில் இறங்கியவர்களுள் லோரன்ஸும் ஒருவர். விமானப்படையிடம் அப்போது இருந்தவை நீரைப் பிளந்து மெதுவாகச் செல்லும் கனத்த படகுகள். வழுக்கிச் செல்லும் படகுகள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதன்பிறகே வலுக்கிடைத்தது. அதே ஆண்டில் லோரன்ஸ், சவுத்தாம்டனுக்கு எதிரேயுள்ள ஹைத் என்ற ஊரில், ஹூபர்ட் ஸ்கொட்-பெயினின் படகுகட்டும் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கும் சேறுதான். ஆழநீரை எட்டுவதற்காக 1881இல் அவ்வூரார் திறந்த இறங்குதுறையின் நீளம் ஏறத்தாழ எழுநூறு யார்! முப்பத்தேழரை அடி நீளமும் இரட்டை இயந்திரமும் கொண்ட '200ஆம் வகுப்பு' படகுகளை அவர் ஓட்டிச் சோதித்ததும் பழுது பார்த்ததும் அங்கேதான்.

1932 மார்ச்சில் அந்தப் படகுக்குரிய கைநூலை எழுதி முடித்தார். ஆசிரியர் பெயர் போடவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஓர் இயந்திரத் திருத்துநருக்கு விளங்கும் என்று கடிதமொன்றில் பெருமைப்பட்டுக்கொண்டார். 'ஏழு தூண்கள்' நூலின் நடையைப் பற்றி அவர் இப்படிப் பெருமைப்பட்டதில்லை. அது அளவுக்கு மீறி அலங்கரித்த நடை என்ற ஐயம் அவரை விட்டு அகலவேயில்லை.

திறமை வீணானது, பெரிய எழுத்தாளர் இயந்திர எண்ணெயில் கையை நனைத்துக்கொண்டிருந்தார் என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோமரின் ஒடிசியை அவர் ஆங்கில வசனத்தில் பெயர்த்து வெளியிட்டதும் அதே 1932இல்தான். அந்த மொழிபெயர்ப்புக்குத் தமக்குள்ள தகுதிகளை அடுக்கியபோது, கடலோடியதையும் படகு கட்டியதையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஆகவே இரண்டு நூல்களும் ஒரே கையின் வேலை. வேறுபாடு வாசகரில் இருக்கிறது. ஒடிசியின் ஒரு வரி இரண்டு பொருள் தந்தால் நாம் சுவைத்து மகிழலாம். வற்றிக்கொண்டிருக்கும் நீர்வழியில் படகை ஓட்டுபவருக்கு ஒரு வரி இரண்டு பொருள் தந்தால், அவரும் சேற்றில் மாட்டிக்கொள்வார். அவர் மீட்கப் போனவரும் மூழ்கிவிடுவார். இப்படிப்பட்ட நிர்ப்பந்தத்தோடு வசனம் எழுதியவர்கள் நம்மில் எத்தனைபேர்? விபத்தில் மடிந்த ஒன்பது பேரை மறவாத ஒருவர் எழுதியது என்ற எண்ணத்தோடு அதனைப் படித்தால், உலர்ந்த குறிப்பேடாக அது தெரியாது.

1935 பெப்ரவரியில் பிரிட்லிங்ரன் துறைமுகத்தில் படகுவேலையை முடித்துக்கொண்டு லோரன்ஸ் படையிலிருந்து விலகினார். மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமுற்று, ஆறு நாள்களின் பின் இறந்தார். இரண்டாம் உலகப்போரில், அந்தப் படகின் வழிவந்த பெரிய வேகப்படகுகள், கடலில் விழுந்த விமானிகளைத் தேடி இங்கிலாந்துக் கரைகளிலிருந்து நாள்தோறும் புறப்பட்டுச் சென்றன.