அலாரம் அடிச்சா யார் வர்றது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

வீட்டுக்குத் திருட்டு அலாரம் வாங்கறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் கடைக்காரியும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. பறிகொடுத்தவள், அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. குழுக் கூட்டத்துல வசூலான கடன் தவணை 14,200 ரூபாயைத் திங்கட்கிழமை பேங்க்ல கட்டிக்கலாம்னு பீரோவுல வெச்சுட்டு, குடும்பத்தோட குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தா பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கு. மகளுக்குன்னு சேர்த்த 3 பவுனும் போச்சு, குழுப் பணமும் போச்சு. நகைக்குக்கூட நான் அவ்வளவு அழலை. அடுத்த கூட்டத்துல ஒருத்தங்க, "நெசமாவே திருட்டுதானா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி தூங்கலை. கம்மலை அடகு வெச்சுக் குழுப் பணத்தைக் கட்டினேன்.

அப்புறம்தான் அலாரம் வாங்கினேன். ஒரு பெட்டி, ஒரு சைரன், ரெண்டு சென்சார், ஒரு ரிமோட், எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். எது எதுக்குன்னு ஒண்ணும் கேட்டுக்கலை. மாட்ட வந்த தம்பி ஒண்ணை முன்கதவுலயும் இன்னொண்ணை ஹாலில் ஜன்னலைப் பார்த்தும் மாட்டிட்டுப் போயிட்டார். திருடன் வந்தது பின்கதவு வழியா, காவல் வெச்சது முன்கதவுக்கு!

கதவு சென்சார் ரெண்டு துண்டா இருக்கும். காந்தம் இருக்கிற துண்டு கதவுல, இன்னொண்ணு நிலையில. ரெண்டும் பக்கத்துல இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். கதவு திறந்து விலகினா பெட்டிக்குத் தகவல் போகும். அதுல பெருசா ஏமாற ஒண்ணும் இல்லை. ஹாலில் மாட்டறது வேற சங்கதி. அது கேமரா இல்லை. உடம்புச் சூடு நகர்றதைக் கண்டுபிடிக்கிறது. சுமார் 7 அடி உயரத்துல, மூலையில மாட்டணும். வெயில் விழற ஜன்னலையோ அடுப்பையோ பார்த்த மாதிரி இருக்கக் கூடாது. சித்திரை வெயில்ல சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள்ள இருக்கிற சூடு நம்ம உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துட்டா, ஆளைப் பிரிச்சுப் பார்க்க அதால முடியாமப் போகும். அதனால என்னை மாதிரி ஷீட் வீட்டுல இருக்கிறவங்க முதல்ல கதவு சென்சாருக்குக் காசு போடுங்க, அதுவும் பின்கதவுக்கு.

எங்க வீட்டுல சென்சார் மேல பல்லி ஊர்ந்தாலே அலறும். ஒரே வாரத்துல நாலு ராத்திரி. எதிர்வீட்டு அத்தை வந்து, "உன் வீட்டுச் சங்கை நிறுத்துடி, தூக்கம் போச்சு"ன்னு சத்தம் போட்டாங்க.

மாசி மாசம் மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு அங்கேயே தங்கியிருந்தேன். அன்னிக்கு நெசமாவே சைரன் அடிச்சிருக்கு. தெருவே கேட்டிருக்கு. பல்லின்னு நினைச்சு எல்லாரும் புரண்டு படுத்துட்டாங்க. பெட்டியில இருக்கிற சிம் எனக்கு போன் போட்டிருக்கணும். ரீசார்ஜ் முடிஞ்சு போனதால அதுவும் வரலை. காலையில வந்து பார்த்தா பின்கதவு திறந்து கிடக்கு, பீரோவை யாரும் தொடலை. சத்தத்துக்குப் பயந்து ஓடினானா, வேற எதுக்காவது போனானா, தெரியாது.

சிம் விஷயத்தைக் கவனமாப் பாருங்க. 2ஜி-யில மட்டும் வேலை செய்யற பெட்டிங்க இருக்கு; 4ஜி மட்டும் இருக்கிற சிம்மைப் போட்டா அது பேசாது. கடையிலேயே உங்க சிம்மைப் போட்டு, ஒரு போன் வரவெச்சுப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. கரண்ட் பிளக்கைப் பிடுங்கிட்டும் அடிக்குதான்னு பாருங்க. வைஃபையில மட்டும் ஓடற பெட்டின்னா, கரண்ட் போய் ரூட்டர் அணைஞ்சதும் போனுக்குத் தகவல் வராது. 1234-ன்னு ரகசிய எண் வந்தா அன்னிக்கே மாத்திடுங்க.

நான் முதல் நம்பரா போட்டு வெச்சிருந்தது திருப்பூர்ல வேலை பார்க்கிற வீட்டுக்காரர் நம்பர். ராத்திரி 2 மணிக்கு அங்கிருந்து அவர் என்ன பண்ணுவார்? இப்ப எதிர்வீட்டு அத்தை நம்பர்தான் முதல்ல. சென்சாரையும் இடம் மாத்தி, பின்கதவுக்குப் புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டு, அவங்ககிட்ட நானே போய், "இனிமே அடிச்சா பல்லி இல்லை அத்தை"ன்னு சொன்னேன். அடிச்சா தனியா உள்ளே போகாதீங்க, வெளியில லைட்டைப் போட்டு நாலு பேரைக் கூப்பிட்டு, 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கன்னும் சொல்லியிருக்கேன். வெளியூர் போறப்ப ஸ்டேஷன்லயும் சொல்லிட்டுத்தான் போறேன்.

குழுக் கூட்டத்தையும் சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு மாத்திட்டோம். மறுநாள் காலையில பணம் பேங்க்குக்குப் போயிடும். மாசத்துல முதல் கூட்டத்தன்னிக்குச் சைரனை ஒரு தடவை அடிச்சுப் பார்க்கறோம், அப்பவே சிம் ரீசார்ஜையும் பார்த்துடறோம்.

பெட்டியைக் கையோட கொண்டு வந்திருக்கேன். இப்ப அடிச்சுக் காட்டறேன். சத்தம் பெருசா இருக்கும், கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் பின்னாடி போய் உட்காருங்க.