கட்டிவைத்தல் ஓய்வாகாது

கோரிப்பாளையத்தை ஒட்டி ஓடும் வையை, பாண்டியர் குதிரைப் படையைக் கண்ட ஆறு. 13ஆம் நூற்றாண்டில் அரபுக் குதிரைகள் கடல்வழியே காயலில் வந்திறங்கின. அவை பட்ட பாட்டைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதிவைத்துள்ளார்: 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்தனர், பின்னர்ப் பழக்காமலே ஏறி விரட்டினர், வலிய குதிரைகளும் விரைவில் தளர்ந்தன.

குதிரைக்கு நீண்ட ஓய்வு நன்றே. ஆயினும் உலாவ மேய்ச்சல் நிலம் வேண்டும்; தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டல் வேண்டும். மீண்டும் பணிக்குக் கொணர்கையில் முதலில் நடை, சில வாரங்கள் சென்றபின்னரே ஓட்டம். எலும்பும் தசைநாணும் மெல்லவே உரம்பெறும்.

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டுதலும் மிகுபாரம் ஏற்றலும் அடங்கும். அக்குதிரைகள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துத் துய்த்தன. வாயில்லா உயிரின் ஓய்விலும் உழைப்பிலும் அளவு காப்பது இல்லறத்தார் கடன்.