முதலில் கிணற்றை அளப்போம்

பூமிக்குள்ளே 2 கிலோமீட்டர் ஆழத்துல ஒரு கிணறு சரியா எந்த இடத்தில் இருக்கிறது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பார்னெட் ஷேல் என்றொரு பாறை அடுக்கு இருக்கிறது. அங்கே தண்ணீரை அதிக அழுத்தத்தில் செலுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிறார்கள். பிளக்கும்போது வருகிற நுண் அதிர்வுகளைப் பக்கத்துக் கிணற்றில் இறக்கிய ஜியோஃபோன்கள் பதிவு செய்யும். பிளவு எதுவரை போனது என்று அதை வச்சுத்தான் கணக்கிடுவார்கள்.

ஆனால் செங்குத்து என்று நினைத்த கிணறு 2 டிகிரி சாய்ந்திருந்தால்? 2000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 70 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்!

அலையின் வேகமும் நமக்குத் தெரியணும். அதற்கு, கிணற்றுக் குழாயைத் துளைக்க வைக்கிற வெடியைப் பயன்படுத்துவார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். உண்மையான தூரம் 330 மீட்டர், நாம் எடுத்துக்கொண்டது 300 என்று வச்சுக்கங்க. வேகம் 9 சதவீதம் குறைவாக வரும். வெடியின் கணக்கு என்னவோ அழகாகப் பொருந்தும், யாருக்கும் சந்தேகமே வராது! பிறகு அதே வேகத்தில் கணக்கிட்டால், பிளவும் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். அதை நம்பி அடுத்த கிணற்றை நெருக்கமாகத் தோண்டினால், ஏற்கெனவே பிளந்த பாறைக்குள்ளேயே இறங்கிவிடலாம்.

அதனால், அதிர்வை அளக்கும் முன்னாடி இரண்டு கிணறுகளின் சாய்வையும் அளக்கணும். எஃகுக் குழாய்க்குள்ளே காந்தத் திசைகாட்டி ஏமாற்றிவிடும். அங்கே ஜைரோ கருவிதான் வேண்டும்.