மீண்டும் ஒரு தகடூர் யாத்திரை

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘தகடூர் யாத்திரை’ என்றொரு பழைய நூல் இருந்தது. முழு நூல் இன்று கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் சில பாடல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்நூல் கூறும் யாத்திரை, திருத்தலப் பயணம் அன்று, படையெடுப்பு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை, அதியமானின் தகடூர்க் கோட்டையை முற்றுகையிட்டு வென்ற வரலாறு அது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் போற்றும் தலைவனும் அவனே. ஊரை அழித்த செயலே அவ்வரசனுக்குப் பெயரடையாக அமைந்தது.

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வரை அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சேலத்திலிருந்து ஓமலூர் வழியாகத் தொப்பூர்க் கணவாயைக் கடந்தால், ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு. சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் சமணக் குடும்பங்கள் சிரவணபெளகொளாவுக்குச் செல்லும் போதெல்லாம் இந்தச் சாலையிலேதான் செல்கின்றன. வேனில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் ஓசூரில் நிறுத்துவதா, பெங்களூரைச் சுற்றிச் செல்வதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதியமான்கோட்டை என்ற பெயர்ப்பலகை கண்ணிற்பட்டு மறையும். எவரும் இறங்குவதில்லை.

இறங்கினால் என்ன காணலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

சமண அறம் மும்மணிகளைக் கூறுகிறது: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். இவை வீடுபேற்றுக்குரிய நெறி. ஆயினும் ஒரு பழைய நகரைக் காணச் செல்வோருக்கும் இவை மூன்றும் வழித்துணை ஆகக் கூடும். கண்ணால் காண்பது முதற்படி. கண்டதை உள்ளவாறு அறிவது இரண்டாம் படி. அறிந்ததற்கேற்ப நடப்பது மூன்றாம் படி. சுற்றுலா என்பது பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி. ஊர் நாமக்கல். அந்தி மயங்குமுன் உணவை முடிக்கும் நோன்புடையவர்கள். ஆதலால் விடியற்காலையிலேயே புறப்படுகிறார்கள். காய்ச்சி வடிகட்டிய நீரும் கட்டுச்சோறும் உடன் வருகின்றன.

பயணத்தின் முதற்பக்கம் அவர்கள் வாழும் ஊரிலேயே திறக்கிறது. நாமக்கல் மலைப்பாறையின் இருபுறமும் இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று நரசிங்கப் பெருமாளுக்கு, மற்றொன்று அரங்கநாதருக்கு. இவை 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பர். அவற்றுள் ஒன்றனை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்றே அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. அதியர் மரபினர் எடுப்பித்தது என்பதே அப்பெயரின் பொருள். தகடூர் அதியமானின் பெயரைத் தாங்கிய மரபு, நாமக்கல் பாறையில் திருமாலுக்குக் கோயில் குடைந்தது.

“அப்படியென்றால் அதியமான் வைணவரா, தாத்தா?” என்று பேத்தி கேட்கிறாள். நியாயமான கேள்வி. தாத்தா உடனே விடை கூறவில்லை. “தகடூர் போய்ச் சேரட்டும் அம்மா, சொல்கிறேன்” என்கிறார்.

வேன் சேலத்தைக் கடந்து வடக்கு நோக்கி ஏறுகிறது. தொப்பூர்க் கணவாயில் சாலை வளைந்து வளைந்து செல்கிறது. கொங்கு நாட்டையும் மைசூர்ப் பீடபூமியையும் இணைக்கும் பழைய வழிகளுள் இதுவும் ஒன்று. பத்திரபாகு முனிவரின் சங்கம் சிரவணபெளகொளாவில் தங்கியது என்றும், அங்கிருந்து விசாகாசாரியர் தலைமையில் முனிவர்கள் தமிழகம் நோக்கி வந்தனர் என்றும் சமண மரபு கூறும். வடக்கிலிருந்து தெற்கே இறங்கிய அறத்தை, தெற்கிலிருந்து வடக்கே ஏறும் இக்குடும்பம் எதிர்கொள்ளச் செல்கிறது.

தருமபுரிக்குச் சற்று முன்னே அதியமான்கோட்டை. அங்குள்ள சென்னராயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் பழைய வண்ண ஓவியங்களாக உள்ளன. அதியமானையும் ஔவையாரையும் நினைவுகூரும் கோட்டமும் அவ்வூரில் உண்டு. நெல்லிக்கனியின் கதையைப் பேத்தி பள்ளியிலேயே படித்திருக்கிறாள். நெடுநாள் வாழ்விக்கும் கனியைத் தான் உண்ணாது புலவருக்கு ஈந்த வள்ளலின் ஊர் இதுவென்று அறிந்ததும், பாடநூலில் இருந்த பெயருக்கு மண்ணும் மரமும் வாய்த்துவிடுகின்றன.

பின்பு தருமபுரிக் கோட்டைக் கோயில்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே சென்றுவிட வேண்டும். மல்லிகார்ச்சுனர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் நுளம்பர் காலக் கலைக்குப் பெயர் பெற்றவை. அம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி யானைகளும், இராமாயணக் கதையைச் சொல்லும் சிறு சிறு சிற்பங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கையளவே. குனிந்து, பொறுமையாகச் சுற்றிவந்தால்தான் கதை புலப்படும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அது எளிது.

இதுவரை கண்டது காட்சி. இப்போது பேத்தி அடுத்த கேள்வியைக் கேட்கிறாள்: “நம்ம கோயில் எங்கே, தாத்தா?”

இக்கேள்விக்கு விடை, தருமபுரியில் கிடைத்த ஒரு கல்தூணில் இருக்கிறது. கன்னட மொழியிற் பொறிக்கப்பட்ட அச்சாசனம் சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893ஐச் சார்ந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் தகடூரில் ஒரு ஜினாலயம் எடுப்பித்தனர். அவர்கள் அரசர் அல்லர், வணிகக் குடியினர். நுளம்ப மன்னன் மகேந்திரனிடமிருந்து நிதியண்ணன் மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்றார். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், ஆலயத்தின் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்குமாகக் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைத்தார். கோயில் கட்டியதோடு கடமை முடிந்ததென அவர் எண்ணவில்லை. தமக்குப்பின் அதன் சுவர் விரிந்தால் யார் பூசுவது, விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்று எண்ணியிருக்கிறார்.

அந்த ஜினாலயம் இன்று தருமபுரியில் எழுந்து நிற்கவில்லை. எழுத்து நிற்கிறது, கட்டடம் இல்லை.

அதியமான் பற்றிய கேள்விக்கும் கல்லே விடை தருகிறது. திருக்கோவலூருக்கு அருகே, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றில் 1981ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரு தமிழி எழுத்துக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி வழங்கிய பள்ளி என்பதே அதன் கருத்து. பள்ளி என்பது துறவியர் உறைவிடம். சமண முனிவர்களுக்கு அளித்த கொடையாகவே அறிஞர்கள் இதனைக் கருதுவர். அசோகரின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் குறிக்கப்படும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். ஜம்பையின் ஒற்றை வரி அவ்வழக்கைத் தீர்த்தது.

பின்னும் ஒரு சான்று. போளூரை அடுத்த திருமலை, இங்குள்ள எல்லாக் குடும்பங்களும் அறிந்த தலம். பதினாறு அடிக்கும் உயர்ந்த நேமிநாதரை வணங்காதவர் இவ்வவையில் குறைவு. ஆனால் அம்மலையில் அதியர் மரபின் கல்வெட்டும் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சேர மரபின் எழினி முற்காலத்தில் அமைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் பழுதுற்றிருந்தன. தகடூர்த் தலைவனான விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் எழுந்தருளச் செய்தான், எறிமணி ஒன்று அளித்தான், கால்வாயும் அமைத்தான். இது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய செய்தி. ஜம்பைக் கொடைக்கும் திருமலைத் திருப்பணிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி.

ஆகவே பேத்திக்குத் தாத்தா கூறும் விடை இது: “அந்த மரபில் ஒருவர் முனிவர்களுக்குப் பள்ளி அளித்தார். ஒருவர் பெருமாளுக்குக் கோயில் குடைந்தார். ஒருவர் விழுந்த இயக்கியை எடுத்து நிறுத்தினார். மூன்றும் உண்மைதான் அம்மா.” அநேகாந்தம் என்னும் பெரிய தத்துவத்தை ஒரு குழந்தைக்கு இதைவிட எளிதாக எந்த நூலும் விளக்கிவிடாது.

உள்ளவாறு அறிதல் என்பதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கும். அமர்ந்த கோலத்தில் ஒரு பழைய சிலையைக் கண்டவுடன் “இது தீர்த்தங்கரர்தான்” என்று முடிவு கட்டும் ஆர்வம் சிலரிடம் உண்டு. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் வல்லுநர் குழு ஆய்ந்து கூறியது. 2022ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. புத்தரின் திருமேனியில் ஆடையின் மடிப்பும், தலையுச்சியில் முடிப்பும் இருக்கும். தீர்த்தங்கரர் திகம்பரர், மேலே முக்குடை, இருபுறமும் சாமரை வீசுவோர், பீடத்தில் இலாஞ்சனம் ஆகியவை அடையாளம். இவற்றைப் பாராமல் உரிமை கொண்டாடுவதும் பொய்யே. வாய்மை நோன்பு கல்லுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, ஒழுக்கம். பிற சமயக் கோயிலுக்குள் செல்லும்போது அவ்விடத்தின் முறையை மதித்து நடத்தல் வேண்டும். “முன்பு இது யாருடையது” என்று வாதம் எழுப்புதல் வேண்டா. கருத்தாலும் பிறரை வருத்தாமையே அகிம்சை. கல்வெட்டின்மேல் எண்ணெயும் மஞ்சளும் பூசுதல், சுண்ணாம்பு அடித்தல், பெயர் கிறுக்குதல் ஆகியவை எழுத்தைக் கொல்லும் செயல்கள். வயலிலோ வரப்பிலோ எழுத்துள்ள கல்லைக் கண்டால் புகைப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். எடுத்துவந்து வீட்டில் வைத்தல் ஆகாது. இடத்தைவிட்டு நீங்கிய கல் தன் கதையில் பாதியை இழந்துவிடும்.

தருமபுரியில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துவிட்டு அக்குடும்பம் மேலே செல்கிறது. மறுநாள் காலையில் விந்தியகிரிப் படிகளில் ஏறி, கோமடேசுவரர் திருவடிகளின் அருகே நிற்கிறார்கள். அங்கே சாமுண்டராயர் செய்வித்ததைக் கன்னடத்தில் பொறித்தவர்கள், தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். முன்பு எத்தனையோ முறை வந்தபோது பாட்டி அதைப் பார்த்ததில்லை. இம்முறை பேத்தி தேடிப் பார்க்கிறாள். தகடூரில் கன்னடக் கல். பெளகொளாவில் தமிழ்க் கல். இரண்டுக்கும் இடையே உள்ள சாலை முன்னோர் நடந்த சாலை என்பதை இனி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதனை வெறும் சுற்றுலாச் செய்தியாகக் கொள்ள வேண்டா. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஜினாலயம் உள்ள சிற்றூர்கள் பல. அங்கிருந்து பிழைப்புக்காகவும் பணிக்காகவும் சேலத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ற குடும்பங்களே மிகுதி. சில ஊர்களில் பூசை செய்யும் உபாத்தியாயர் குடும்பமும் முதியோர் சிலரும் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். திருவிழாவுக்கு வந்து, பிரசாதம் பெற்று, மாலையே திரும்பிவிடும் இளந்தலைமுறைக்குத் தம் ஊர்க் கோயிலின் மூலநாயகர் யார், கல்வெட்டு எங்கே, யார் கொடை என்பது தெரியாது. நிதியண்ணனின் ஆலயத்துக்கு நிலம் இருந்தது, அரசனின் ஆதரவு இருந்தது, ஆசாரியர் இருந்தார். அவ்வளவும் இருந்த ஆலயமே இன்று எழுத்தாக மட்டும் நிற்கிறது. கல் தானாக நிற்பதில்லை. வந்து பார்ப்பவர் இருக்கும் வரையிலேதான் நிற்கிறது.

விடுகாதழகிய பெருமாள் புதிதாக மலையளவு கோயில் எழுப்பவில்லை. முன்னோர் வைத்ததை எடுத்து நிறுத்தினான். ஒரு மணி கொடுத்தான். அதற்காகவே எண்ணூறு ஆண்டுகளாகக் கல்லில் வாழ்கிறான். அந்த அளவு அறம் எந்தக் குடும்பத்தின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டதன்று. அடுத்த விடுமுறையில் ஒரு நாள் தகடூருக்கு. மற்றொரு நாள் சொந்த ஊர் ஜினாலயத்துக்கு. குழந்தைகளின் கையில் ஒரு குறிப்பேடு. ஊர்க் கோயிலின் ஒரு விளக்குக்கு எண்ணெய்.

பழைய தகடூர் யாத்திரை வேலும் வாளும் ஏந்திச் சென்று ஓர் ஊரை அழித்தது. புதிய யாத்திரை குறிப்பேடும் கட்டுச்சோறும் ஏந்திச் செல்லட்டும், மறந்ததை மீட்கட்டும்.

அருகன் திருவடி வாழ்க. அறம் வளர்க.